டோல்ஸ்டோய்க்குத் தெரியாமல் சுட்டுக்கொண்டவன்

எங்கட வாசிப்புக் கூட்டத்தில் அண்மையில் ஒரு சிறுகதை வாசித்தோம். எழுதியவள் எங்களில் ஒருத்தி. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாய், றோட்டுக்கரையில் ஒரு கொட்டில், நெஞ்சோடு அணைத்துப் பிடித்த படம். எங்கள் எல்லாருக்கும் தெரிந்த காட்சிதான். வாசித்து முடிந்தபிறகு கையெழுத்துப் பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்த ஒருத்தன், நடுவில் ஒரு பந்தி முழுதாக வெட்டப்பட்டிருப்பதைக் கண்டான். கோட்டுக்குக் கீழே எழுத்து வடிவாகத் தெரிந்தது. அந்தப் பந்தியில் அந்தத் தாய்க்குப் பக்கத்தில் இருக்கும் மனிசியில் எரிச்சல். அந்த மனிசியின் மகனுடைய படம் ஸ்டூடியோவில் எடுத்தது, பெரிசு, லெமினேற் பண்ணினது. கமராவோடு வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் எடுக்கிறார்கள். இவவிடம் இருப்பது அடையாள அட்டைப் படத்தைப் பெரிப்பித்த ஒரு மங்கல் முகம்.

"இதை ஏன் வெட்டினனி?" என்று கேட்டோம்.

"கருவுக்குப் பொருந்தேல்லை."

அங்கே தொடங்கினது சண்டை. கருவை முதலே தீர்மானித்துவிட்டுத்தான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் கதை எங்கேயோ இழுபட்டுப் போகும் என்றது ஒரு பக்கம். எழுதத் தொடங்கினால் பாத்திரங்கள் தாங்களே வழி காட்டும், திட்டம் போட்டால் பொம்மைதான் வரும் என்றது மற்றப் பக்கம். பகிடி என்னவென்றால் இரண்டு பக்கமும் டோல்ஸ்டோயைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டது. சரி, 'அன்னா கரேனினா' உண்மையில் எப்படித்தான் எழுதப்பட்டது என்று போய்ப் பார்ப்பம் எண்டு வெளிக்கிட்டோம். பார்த்ததில் இரண்டு பக்கத்துக்கும் முழு வெற்றி கிடைக்கவில்லை.

இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று இருக்கிறது. மிலன் குந்தேரா 'நாவலின் கலை' நூலில் எழுதியதற்குப் பிறகு அது இன்னும் பரவியது. முதல் வரைவில் அன்னா வெறுக்கத்தக்க ஒருத்தி, அவளுடைய சாவு அவளுக்குக் கிடைத்த நியாயமான தண்டனை. எழுத எழுத டோல்ஸ்டோய் தன் ஒழுக்க நம்பிக்கையை விட்டுவிட்டு, நாவல் சொன்னதைக் கேட்டார், அதனால் நமக்கு இந்த அன்னா கிடைத்தாள் என்பது அந்தக் கதை. கேட்க நல்லாயிருக்கிறது. பெரும்பகுதி உண்மையும்கூட. ஆனால் தொடக்கம் அவ்வளவு நேராக இல்லை.

1870 பெப்ரவரியில் சோபியா டோல்ஸ்டயா தன் குறிப்பில் ஒரு விசயம் எழுதி வைத்திருக்கிறார். உயர்குடியைச் சேர்ந்த, திருமணமான, தன்னைத் தானே அழித்துக்கொண்ட ஒரு பெண்ணைப் பற்றித் தனக்கு எண்ணம் வந்திருப்பதாகக் கணவர் சொன்னார். அவளைக் குற்றவாளியாக இல்லாமல் பரிதாபத்துக்குரியவளாக மட்டும் காட்டுவதே தன் வேலை என்றாராம். அதாவது நாவலில் ஒரு வரி எழுதுவதற்கு மூன்று வருசத்துக்கு முன்பே கரு ஆயத்தம். அதுவும் இரக்கமுள்ள கரு. இப்போது யாரும் ஒரு சிறுகதைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் கைதட்டு வாங்கக்கூடிய கரு.

பிறகு 1872 ஜனவரியில் டோல்ஸ்டோயின் பண்ணைக்குப் பக்கத்து யாசென்கி புகையிரத நிலையத்தில் ஒரு பெண் சரக்கு ரயிலின் முன் பாய்ந்து இறந்தாள். அயல் நிலக்கிழார் ஒருவரோடு வாழ்ந்தவள். அவர் வேறொருத்தியைக் கட்டப் போகிறார் என்று அறிந்தபிறகு நடந்தது. அவளுடைய பெயரும் அன்னாதான். டோல்ஸ்டோய் போய் உடலைப் பார்த்தார். அதற்குப் பிறகும் அவர் நாவலைத் தொடங்கவில்லை. அந்தக் காலம் முழுக்க மகா பீட்டர் பற்றிய ஒரு சரித்திர நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். புத்தகம் புத்தகமாக வாசித்து, குறிப்பெடுத்து, திரும்பத் திரும்பத் தொடங்கி, ஒவ்வொரு தொடக்கத்தையும் கைவிட்டார். ஆயத்தம் செய்தது பீட்டருக்கு. வந்தது அன்னா.

வந்த விதம் இப்படி. 1873 மார்ச்சில் புஷ்கினின் உரைநடைத் தொகுதி ஒன்று கையில் அகப்பட்டது. அதில் முடிக்கப்படாத ஒரு துண்டு, முன்னுரை எதுவும் இல்லாமல் விருந்தாளிகள் வந்து சேருவதோடு சட்டென்று தொடங்கும். அந்தத் தொடக்கம் டோல்ஸ்டோயைப் பிடித்துக்கொண்டது. ஏன் என்றோ என்ன வரப்போகிறது என்றோ தெரியாமல், தன்னையறியாமலே ஆட்களையும் சம்பவங்களையும் யோசிக்கத் தொடங்கிவிட்டதாக அவர் தன் நண்பரும் விமர்சகருமான நிக்கொலாய் ஸ்ட்ராகோவுக்குக் கடிதம் எழுதினார். நாவல் இன்னும் இரண்டு கிழமையில் ஆயத்தமாகிவிடும் என்றும் எழுதினார். அந்தக் கடிதத்தை அனுப்பவில்லை. நல்ல காலம். இரண்டு கிழமை நாலு வருசத்துக்கு மேல் போனது.

இங்கேதான் குந்தேரா சொன்ன வரைவு வருகிறது. அதில் அவளுக்கு அன்னா என்ற பெயர்கூட இல்லை, தத்தியானா. உடல் பருத்தவள், மூக்கு மேல்நோக்கி நிற்கும், சபையில் அடக்கம் இல்லாதவள். கணவன்தான் நல்லவன், பாவம். லெவின் என்ற மனிதன் அங்கே இல்லவே இல்லை. கிட்டத்தட்ட நாவலில் பாதியைத் தூக்கி நிற்பவன் அவன். ஆனால் அவள் கடைசியில் தன் உயிரை மாய்த்துக்கொள்வாள் என்பது மட்டும் முதலிலிருந்தே இருக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிண்டு யோசித்தோம். 1870 இல் மனிசன் மனைவியிடம் 'அவள் குற்றவாளி இல்லை' என்கிறார். 1873 இல் பேனையை எடுத்தவுடன் குற்றவாளியாக எழுதுகிறார். அப்படியென்றால் அந்த இரக்கம் கருவில் இருந்ததே தவிர கையில் இருக்கவில்லை. எங்களுக்கும் இது நடப்பதுதான். பெண்விடுதலை பற்றிக் கதை எழுத உட்கார்ந்து, எழுதின பெண்ணைப் பார்த்தால் பக்கத்து வீட்டு மாமி வம்பளக்கிற மாதிரி எழுதியிருப்போம். நாங்கள் என்ன நம்புகிறோம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வதும், எங்கள் வசனம் தானாக எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் வேறு வேறு. எழுதிப் பார்க்காமல் அந்த இடைவெளி தெரிய வருவதில்லை.

பிறகு திருத்தம். கணவனின் நல்ல குணம் குறைந்து, விரல் முறிக்கிற, கந்தோர்க் கடிதம் மாதிரிக் கதைக்கிற கரேனின் உருவாகிறார். அவள் அழகாகிறாள், அதைவிட முக்கியமாக உயிர்ப்பாகிறாள். லெவின் வருகிறான், தன் வயலையும் சந்தேகங்களையும் கொண்டு வருகிறான். இந்த மாற்றங்கள் எல்லாம் ஒரு நல்ல இரவில் பாத்திரம் வந்து காதுக்குள் சொன்னதால் நடந்தவை இல்லை. பக்கம் பக்கமாகத் திருப்பி எழுதினதால் நடந்தவை. அப்படித் திருப்பி எழுதக்கூடியதாக இருந்ததற்குக் காரணம் அந்தக் கோழிக்கிறுக்கலை ஒவ்வொரு முறையும் நல்ல எழுத்தில் பிரதி பண்ணிக் கொடுத்த சோபியா. பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, பண்ணைக் கணக்கையும் பார்த்துக்கொண்டு. 'பாத்திரங்கள் தாமாக வளர்ந்தன' என்று சொல்லும்போது இந்த வேலையை நாங்கள் மறந்துவிடுகிறோம்.

இனித் தலைப்புக்கு வருவோம். நாவல் 1875 ஜனவரி முதல் மிஹயில் கட்கோவ் ஆசிரியராக இருந்த 'ரூஸ்கி வெஸ்த்னிக்' சஞ்சிகையில் தொடராக வெளிவந்தது. நாலாம் பாகத்தில், வ்ரோன்ஸ்கியின் பிள்ளையைப் பெற்றுவிட்டு அன்னா சாகக் கிடக்கிறாள். கணவன் வந்து, எல்லாரும் எதிர்பார்த்ததற்கு மாறாக, இருவரையும் மன்னித்துவிடுகிறான். அந்த மன்னிப்புக்கு முன்னால் வ்ரோன்ஸ்கி சிறுத்துப் போகிறான். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு நிற்கிறான். பிறகு வீட்டுக்குப் போய்த் துவக்கை எடுத்துத் தன் நெஞ்சில் சுட்டுக்கொள்கிறான். சாகவில்லை, பிழைக்கிறான்.

1876 ஏப்ரலில் டோல்ஸ்டோய் ஸ்ட்ராகோவுக்கு எழுதிய கடிதத்தில் இந்த இடத்தைப் பற்றிச் சொல்கிறார். அந்தச் சந்திப்புக்குப் பிறகு வ்ரோன்ஸ்கி தன் நிலையை எப்படி ஏற்றுக்கொண்டான் என்ற அத்தியாயம் எப்பவோ எழுதி முடிந்துவிட்டது. அதைத் திருத்த உட்கார்ந்தபோது, தான் சற்றும் எதிர்பாராதபடி, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், வ்ரோன்ஸ்கி தன்னைச் சுடப் போய்விட்டான் என்கிறார். பிறகு பார்த்தால் மிச்சக் கதைக்கு அது இல்லாமல் முடியாது என்று தெரிந்ததாம்.

'எழுதிக்கொண்டு போனால் வரும்' கட்சிக்காரர் இந்தக் கடிதத்தைத்தான் கொடியாகத் தூக்குவார்கள். நாங்களும் தூக்கினோம். ஆனால் அது முதல் வேகத்தில் எழுதும்போது நடக்கவில்லை, திருத்தும்போதுதான் நடந்தது என்பது இரண்டாம் வாசிப்பில்தான் உறைத்தது. அத்தியாயம் திட்டப்படியே எழுதப்பட்டு, முடிந்து, இருந்தது. அதில் ஒரு வ்ரோன்ஸ்கி இருந்தான், எதையோ ஏற்றுக்கொண்டு வாழ்ந்தான். அந்தப் பக்கத்தைத் திரும்ப வாசித்தபோதுதான் 'இல்லை, இந்த மனிசன் இப்படி வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்க மாட்டான்' என்று எழுதினவருக்குப் பட்டது. முதலில் ஒரு திட்டம் இருந்து, அது பக்கத்தில் ஏறியிருந்திருக்காவிட்டால், பிழை என்று எதைப் பார்த்துச் சொல்லியிருப்பார்?

இன்னொன்று, திட்டத்தில் இருந்திருக்கவே முடியாத விசயம். நாவலின் எட்டாம் பாகத்தில் வ்ரோன்ஸ்கி துருக்கியருக்கு எதிராகப் போராட சேர்பியாவுக்குத் தொண்டனாகப் போகிறான். அந்த யுத்தம் தொடங்கியது 1876 இல். நாவல் தொடங்கியது 1873 இல். எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு யுத்தம் வெளியிலிருந்து நாவலுக்குள் நுழைந்தது. எங்கட நாட்டில் யாருக்கும் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. டோல்ஸ்டோய் அந்தத் தொண்டர் ஆரவாரத்தைச் சந்தேகத்தோடு எழுதினார். கட்கோவ் அந்த ஆரவாரத்தின் ஆள், அந்தப் பாகத்தைப் போட மறுத்துவிட்டார். டோல்ஸ்டோய் 1877 இல் எட்டாம் பாகத்தைத் தன் செலவில் தனிப் புத்தகமாக அச்சடித்தார். அடுத்த வருசம் ரச்சின்ஸ்கி என்பவர், நாவலில் கட்டுமானமே இல்லை, அன்னா கதையும் லெவின் கதையும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன என்று குறை சொன்னபோது, கட்டுமானத்தைப் பற்றித்தான் தனக்குப் பெருமை என்று பதில் எழுதினார். வளைவுகள் பொருந்தும் இடம் கண்ணுக்குத் தெரியாதபடி கட்டியிருக்கிறேன் என்றார். என்ன வரப்போகிறது என்று தெரியாமல் தொடங்கின அதே மனிசன்.

அதே சஞ்சிகை, அதே கட்கோவ், ஏழெட்டு வருசத்துக்கு முன். தஸ்தயேவ்ஸ்கியின் பிரச்சினை டோல்ஸ்டோயுடையதற்கு நேர்மாறு: திட்டம் போதாமல் இல்லை, திட்டம் கூடிப்போய்விட்டது. 1867 இலையுதிர் காலத்தில் ஜெனீவாவில் இருக்கிறார். கடன்காரருக்குப் பயந்து ரஷ்யாவை விட்டு வந்தவர். மனைவி கர்ப்பிணி. கட்கோவிடம் முற்பணம் வாங்கிச் செலவழித்தாயிற்று, இடையில் சூதாட்ட மேசைக்கும் போய் வந்தாயிற்று. கொப்பியில் 'அசடன்' நாவலுக்கான திட்டங்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் குவிகின்றன. அவற்றில் அசடன் என்று அழைக்கப்படுகிறவன் நாங்கள் அறிந்த மிஷ்கின் இல்லை. ஆணவம் பிடித்தவன், வெறி கொண்டவன், வன்முறை செய்கிறவன். டிசம்பர் தொடக்கத்தில் எல்லாவற்றையும் தூக்கி எறிகிறார். அடுத்த இரண்டு கிழமை, ஒரு நாளைக்குச் சராசரி ஆறு திட்டம் என்ற கணக்கில் தலை சுற்றச் சுற்ற யோசித்ததாகக் கவிஞர் மைக்கோவுக்கு எழுதினார். முழுமையாக நல்லவனான ஒரு மனிதனைக் காட்ட வேண்டும் என்பது நெடுநாள் எண்ணம். கடினமானது என்று பயந்து தொடாமல் வைத்திருந்தது. வேறு வழி இல்லாததால் அதை எடுத்தார். ரூலெட்டில் பணம் வைத்த மாதிரி, பேனைக்குக் கீழே வளர்ந்தால் வளரட்டும் என்று துணிந்தேன் என்கிறார். முதல் அத்தியாயங்கள் 1868 ஜனவரி இதழில் வந்துவிட்டன. அடுத்த பாகத்தில் என்ன நடக்கும் என்பது அவருக்கே அப்போது தெளிவில்லை.

இது வீரக்கதை இல்லை, வறுமைக்கதை. இதைப் பார்த்து 'அப்போ நாங்களும் திட்டமில்லாமல் எழுதலாம்' எண்டு யாரும் வெளிக்கிட வேண்டாம். ஆனால் எறிந்த திட்டங்கள் எங்கே போயின என்று கேட்க இடம் இருக்கிறது. எங்கள் வாசிப்பில், அந்த வன்முறை மனிதன் காணாமல் போகவில்லை. மிஷ்கினுக்கு எதிரே ரொகோஜினாக வந்து ரயில் பெட்டியில் உட்கார்ந்துகொண்டான். நாவலின் முதல் காட்சியிலேயே இருவரும் முகத்துக்கு முகம்.

டிக்கன்ஸ் மற்ற வகை ஆள். ஒழுங்கு. அவருடைய பெரிய நாவல்கள் மாதாமாதம் 32 பக்கப் புத்தகமாக, ஒரு ஷில்லிங் விலையில் வந்தவை. 'டொம்பி அண்ட் சன்' தொடங்கிய 1846 இலிருந்து ஒவ்வொரு இதழுக்கும் ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, வலப்பக்கம் அத்தியாயங்கள், இடப்பக்கம் தனக்குத் தானே கேள்விகள் என்று எழுதி வைத்தார். இன்னாரை இப்போது கொண்டுவரவா? ஆம். இல்லை. அடுத்த முறை. அந்தத் தாள்கள் லண்டன் விக்டோரியா அண்ட் அல்பேட் நூதனசாலையில் இன்றும் இருக்கின்றன. திட்டத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் அதே 'டொம்பி'யில் வோல்ட்டர் என்ற நல்ல பொடியனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போக விடுவதாக நண்பர் ஃபோர்ஸ்டருக்கு எழுதியிருந்தார்; நாவலில் அவன் கெடவில்லை. 'டேவிட் கொப்பர்ஃபீல்ட்' எழுதும்போது, 1850 மே 7 ஆம் திகதி, டோராவைச் சாகவிடுவதா இல்லையா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை, இன்றைக்குத் தீர்மானித்தே ஆகவேண்டும் என்று ஃபோர்ஸ்டருக்கு எழுதுகிறார். இதழ் அச்சுக்குப் போக வேண்டும், வேறென்ன.

ஆனால் டிக்கன்ஸிடம் எங்களை உண்மையில் பிடித்து நிறுத்தியது வேறு. அதே நாவலில் மிஸ் மௌச்சர் என்று ஒரு குள்ளமான பெண் வருகிறாள். தலைமுடி, நகம், முகப்பூச்சு என்று பணக்காரருக்குச் சேவகம் செய்கிறவள், வாயாடி, கெட்ட வேலைகளுக்குத் தரகு பார்ப்பவள் போலத் தோன்றுகிறவள். அந்த இதழ் வெளிவந்ததும் டிக்கன்ஸின் வீட்டுக்குக் கிட்ட இருந்த, உடலமைப்பிலும் தொழிலிலும் அதேபோன்ற ஒரு பெண் அவருக்குக் கடிதம் எழுதினார். அது தான்தான் என்று எல்லாரும் பார்க்கிறார்கள், மனம் நொந்துவிட்டது என்றார். வழக்கறிஞர் மூலமும் கேட்கப்பட்டது. டிக்கன்ஸ் அவரிடமிருந்து சில விசயங்களை எடுத்ததை ஒத்துக்கொண்டு, பாத்திரத்தின் போக்கை மாற்றுவதாக வாக்குக் கொடுத்தார். மாற்றினார். மௌச்சர் திரும்ப வரும்போது, தன்னை உருவத்தைப் பார்த்து எடைபோட்டது பிழை என்று டேவிட்டுக்கே சொல்கிறாள். கடைசியில் கெட்டவன் ஒருத்தனைப் பிடித்துக் கொடுப்பவளும் அவள்தான். கதையாக அது அவ்வளவு நன்றாக ஒட்டவில்லை, தையல் தெரிகிறது. நல்லவளாக மாற்றிவிட்டதால் அவள் உயிருள்ளவளாக ஆகிவிடவும் இல்லை. முதலில் ஒரு கெட்டதுக்கு அடையாளம், பிறகு ஒரு நல்லதுக்கு அடையாளம்.

அந்தத் தாயின் கதைக்கு நாங்கள் திரும்பி வந்தது இந்த இடத்தில்தான். எங்கட இலக்கியத்தில் கருவைப் பற்றின சண்டைக்குப் பெரிய பரம்பரை இருக்கிறது. அறுபதுகளில் முற்போக்கு அணியும், அதிலிருந்து பிரிந்து 'நற்போக்கு' என்று எஸ். பொன்னுத்துரை நடத்தின சண்டையும் எங்கள் பேரன்மார் காலத்துக் கதை. சாதி, வர்க்கம், இனம் என்று எழுத வேண்டியது நிறைய இருந்த காலம், கருவை முன்னால் வைத்தவர்களை நாங்கள் இப்போது இருந்து சும்மா நக்கலடிக்க முடியாது. அவர்கள் எழுதாவிட்டால் சில மனிதர்கள் கதைக்குள் வந்தேயிருக்க மாட்டார்கள். யுத்தத்துக்குப் பிறகு எங்கள் தலைமுறைக்கும் கரு தேடி அலையத் தேவையில்லை, அது வாசலில் நிற்கிறது. சிக்கல் அதுதான். காணாமல் போனவரின் தாய் என்றவுடன் அவ எப்படி அழுவா, என்ன சொல்லுவா, கடைசி வரியில் எதைப் பார்த்துக்கொண்டு இருப்பா என்பது எங்களுக்கு எழுத முதலே தெரியும். அவவைக் குற்றவாளியாக்க எங்களில் யாருக்கும் எண்ணமில்லை. பரிதாபத்துக்குரியவளாக மட்டும் காட்டுவதே எங்கள் வேலை. 1870 இல் டோல்ஸ்டோய் சொன்னது போலவே.

அந்த வெட்டின பந்தி எழுதும்போது தானாக வந்தது என்று எங்கள் தோழி சொன்னாள். திட்டத்தில் இருக்கவில்லை. லெமினேற் படத்தில் எரிச்சல்படும் தாயை அவளுக்கே பிடிக்கவில்லை. போராட்டத்தைக் கொச்சைப்படுத்துகிற மாதிரி இருக்கும், வெளியில் இருந்து வாசிக்கிறவர்கள் பிழையாக எடுப்பார்கள், அந்தக் கொட்டிலில் இருக்கிற அம்மாமார் யாராவது வாசித்தால் என்ன நினைப்பினம் என்று பயந்தாள். இந்தக் கடைசிப் பயத்தை நாங்கள் லேசாக எடுக்கவில்லை. மௌச்சருக்கு எழுதப்பட்ட கடிதம் எங்களுக்கும் வரலாம், எங்களில் பலருக்கு அது சொந்தக்காரரிடமிருந்தே வரும். ஆனால் அந்தப் பெண் டிக்கன்ஸிடம் நொந்துகொண்டது தன்னை ஒரு ஆளாகப் பார்க்காமல் ஒரு உருவமாகப் பார்த்ததற்காக. மங்கல் படத்தைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துப் படத்தைப் பார்த்து, என்ர பிள்ளையின்ர முகம் ஒருத்தருக்கும் தெரியாமலே போகப் போகுது எண்டு எரியும் ஒரு மனிசியை எழுதுவது அதே குற்றமா? எங்களில் பாதிப்பேர் இல்லை என்றார்கள். மிச்சப்பேர் இன்னும் யோசிக்கினம்.

கதையை அவள் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறாள். பந்தியை அப்படியே திருப்பி ஒட்டச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அது இருந்தால் கடைசிப் பக்கம் இப்போது இருப்பது போல இருக்க முடியாது, கதையின் முடிவையே மாற்ற வேண்டிவரும் என்று அவளே சொல்லிவிட்டாள். போன ஞாயிறு கேட்டபோது, இரண்டு தாய்மாரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போகினம், என்ன கதைக்கினம் எண்டு தெரியேல்லை, அதிலைதான் நிக்கிறன் என்றாள்.